மலையில ராத்தங்க எடம் பாக்கறவங்களுக்கு

டிசம்பருக்கு டிக்கெட் போட்டாச்சா? போட்டிருப்பீங்க. அடுத்த வேலை என்னன்னு எனக்குத் தெரியும். மூணார்ல எங்க தங்கறது, நெல்லியாம்பதியில எங்க தங்கறதுன்னு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் போட்டோவா பாத்துத் தள்ளறது. டென்வர்ல இருக்கற நம்ம தமிழ்க் குடும்பங்கள் மத்தியில இது ஒரு வருடாந்திரத் திருவிழா. அதே மக்கள்தான் பிப்ரவரியில இங்க கொலராடோ மலைக்குள்ள பனிச்சறுக்கு குடில் புக் பண்ணவும் அலையறாங்க. ரெண்டு எடத்துக்கும் கேக்கற கேள்வி ஒண்ணேதான். "வியூ எப்படி? பாத்ரூம் எப்படி? வண்டி வாசல் வரைக்கும் போகுமா?"

கேக்கக் கூடாத கேள்விங்கன்னு சொல்ல வரல. கடைசியா கேக்க வேண்டியதை நாம மொதல்ல கேக்கறோம்ங்கறதுதான் என் கட்சி.

நான் சித்தூர் தாலுக்காக்காரன், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடுன்னு சொன்னதும் "ஓ, மலையாளியா?"ன்னு கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லியே பாதி ஆயுசு போச்சு. (வீட்ல பேசறது தமிழ், பள்ளிக்கூடத்துல படிச்சது தமிழ், ரேஷன் கார்டு மட்டும் மலையாளம். விடுங்க, அது தனிக் கதை.) முதலமடை மாந்தோப்புல நின்னு தெக்க பாத்தா நெல்லியாம்பதி மலை செவுரு மாதிரி நிக்கும். மழைக்காலத்துல கொல்லங்கோட்டுப் பக்கம் அந்தச் செவுத்துல வெள்ளக் கோடு கோடா அருவி எறங்கும். ஆனா அந்த மலைமேல போய் சும்மா தங்கறதுங்கற நெனப்பே எங்க தலைமுறைக்குக் கிடையாது. மலைக்குப் போறவங்கன்னா எஸ்டேட் வேலைக்குப் போறவங்க, இல்லாட்டி ஃபாரஸ்ட் கார்டு.

எங்க ஊர் பூகோளமே ஒரு வேடிக்கை. பறம்பிக்குளம் எங்க தாலுக்காதான், முதலமடை பஞ்சாயத்து. ஆனா வண்டியில போகணும்னா தமிழ்நாட்டுக்குள்ள பூந்து, பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப்னு சுத்தி, தமிழ்நாடு செக்போஸ்ட்டைத் தாண்டி மறுபடி கேரளா செக்போஸ்ட்டுக்கு வரணும். மூணாருக்கும் அதே கதை. உடுமலை, சின்னாறு, மறையூர் வழிதான் எங்களுக்குக் கிட்ட. இடுக்கி ஜில்லாவுக்குப் போக ஒரு பாலக்காட்டுக்காரன் கோயமுத்தூர், திருப்பூர் ஜில்லாக்களைத் தாண்டிப் போறான். மலைக்கு எல்லை தெரியாதுன்னு சினிமா வசனம் பேசலாம், ஆனா செக்போஸ்ட்காரருக்கு நல்லாவே தெரியும் :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

கொலராடோல 'பத்தாவது மலைப் படைப்பிரிவு குடில்கள்'னு ஒரு ஏற்பாடு இருக்கு. ரெண்டாம் உலகப் போர்ல பனிமலையில சண்டை போடறதுக்குன்னு லெட்வில் ஊர்ப் பக்கம் கேம்ப் ஹேல்ல பயிற்சி எடுத்த படை அது. அந்தப் படையில இருந்த ஃப்ரிட்ஸ் பெனடிக்ட்ங்கற கட்டடக் கலைஞர் 1980 வாக்குல ஆரம்பிச்சு வச்சார். மொத ரெண்டு குடில் 1982ல கட்டினாங்க. இப்போ ஆஸ்பன், வேல் (முருகன் வேல் இல்லீங்க, ஸ்கீ ஊரு), லெட்வில் சுத்துவட்டாரத்துல அவங்க மூலமா முன்பதிவு செய்யற மாதிரி முப்பது குடிலுக்கு மேல இருக்கு. பெரும்பாலானது 11,000 அடி உயரத்துக்குக் கிட்ட.

வண்டியை ரோட்டோரம் நிறுத்திட்டு, ஸ்கீக்கு அடியில ஒரு துணிப்பட்டை ஒட்டிக்கிட்டு மேல ஏறணும். ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் பிடிக்கும், அந்த மாதிரிப் பட்டை. எறங்கும்போது அதை உரிச்சுட்டு சறுக்கிட்டு வரலாம். ஸ்கீ டூரிங்னு சொல்றது இதைத்தான். லிஃப்ட் கிடையாது. குடில்ல என்ன இருக்கும்? வரிசையா பங்க் கட்டில், விறகடுப்பு, சோலார் விளக்கு, பாத்திரம் பண்டம். குளிர்காலத்துல பெரும்பாலான குடில்கள்ல குழாய்த் தண்ணி இருக்காது. வெளிய போய் பனியை அள்ளிட்டு வந்து அண்டாவுல போட்டு உருக்கணும். கக்கூஸ் வெளிய தனியா. பக்கத்துக் கட்டில்ல யாரோ முன்பின் தெரியாத டெக்ஸஸ் குடும்பம் குறட்டை விடும். கிளம்பும்போது நாமளே கூட்டி, துடைச்சு, அடுத்தவங்களுக்கு விறகு எடுத்து வச்சுட்டு வரணும்.

எங்கம்மா இங்க வந்திருந்தப்போ இதையெல்லாம் கேட்டுட்டு, "ஏஞ்சாமி, காசையுங் குடுத்துப்போட்டு கக்கூஸுக்குப் பனியில நடக்கோணுமா? நம்மூட்டுக் களத்துமேட்டுல இதெல்லாஞ் சும்மாவே கெடைச்சுதே"ன்னாங்க. பதில் சொல்ல முடியல.

ஆனா இந்தக் குடில்காரங்ககிட்ட எனக்குப் பிடிச்சது ஒண்ணு. புக் பண்ணப் போனா மொதல்ல அவங்க பேசறது குடிலைப் பத்தி இல்ல, வழியைப் பத்தி. எத்தனை மைல், எத்தனை அடி ஏத்தம், வழி பனிச்சரிவு வர்ற சரிவுக்கு அடியில போகுதா இல்லையா, மேப் படிக்கத் தெரிஞ்ச ஆள் உங்க கூட்டத்துல உண்டா. மேல வேற்றுக்கிரக வியூ இருந்தாலும் சரி, வழி சரியில்லன்னா அந்தக் குடில் உங்களுக்கு இல்ல. டென்னசி பாஸ் பக்கம் வான்ஸ் குடில்னு ஒண்ணு இருக்கு. மூணு மைல் சொச்சம்தான், புதுசா பழகறவங்களைத் தாராளமா அனுப்பலாம். அதே ஆஸ்பனுக்குத் தெக்கால ஆல்ஃபிரட் பிரான் குடில்கள்னு இன்னொரு வரிசை இருக்கு. அழகுக்குக் குறைச்சலே இல்ல. ஆனா அங்க போற வழிகள் பனிச்சரிவுப் பாதைகளைக் குறுக்க வெட்டிட்டுத்தான் போகும்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க. நம்ம ஆளுங்க ரெண்டையும் போட்டோ பாத்து ஒப்பிடறாங்க. ஒப்பிட வேண்டியது போட்டோவை இல்ல.

பனிச்சரிவு பத்தி ஒரு வார்த்தை. பெரும்பாலும் முப்பதுலேர்ந்து நாப்பத்தஞ்சு டிகிரி வரைக்கும் சாஞ்ச சரிவுலதான் பனிப்பாளம் உடைஞ்சு எறங்கும். அதைவிட செங்குத்தா இருந்தா பனி சேராமலேயே உதிர்ந்துடும், தட்டையா இருந்தா நகராது. புதுசா வர்றவங்க கோட்டை விடற எடம் எதுன்னா, நாம நிக்கற தரை சமமா இருக்கறதைப் பாத்து நிம்மதி ஆயிடறது. தரையை விடுங்க, தலைக்கு மேல என்ன இருக்கு? 2020-21 குளிர்காலத்துல மட்டும் கொலராடோல 12 பேர் பனிச்சரிவுல செத்தாங்க. அதுல நல்லா அனுபவப்பட்டவங்களும் உண்டு. பீக்கன், மண்வெட்டி, நீளக் குச்சி மூணும் ஆளுக்கு ஒண்ணு வாங்கி, அதைப் பயன்படுத்தற வகுப்புக்கும் போகாம பனிக்காலக் குடில் பக்கமே போகாதீங்க. குழந்தைகளோட போறதா இருந்தா மொதல்ல ஜூலையில போங்க. பூவெல்லாம் பூத்திருக்கும், வழியும் தெரிஞ்சுடும்.

இப்போ ஊருக்கு வாங்க. நம்ம மலையில ஸ்கீக்கு வழியில்ல. ஜனவரியில மூணார் எஸ்டேட்டுகள்ல ராத்திரி சுழியத்துக்குக் கீழ போய் புல்லு மேல வெள்ளையா படியறது உறைபனி. அதைப் போட்டோ எடுத்து "மூணாறில் பனிப்பொழிவு"ன்னு அனுப்பற மாமாக்களை ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா சரியறதுக்குப் பனிதான் வேணும்னு இல்லையே. எங்க பக்கம் அதுக்குப் பேரு உருள்பொட்டல்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி. ராஜமலைக்குப் பக்கத்துல பெட்டிமுடி. தேயிலை எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள், வரிசையா, ஓடைக்குப் பக்கத்துல. அன்னிக்கு ஒரே நாள்ல 600 மில்லிமீட்டருக்கு மேல மழை. பத்தரை மணிக்கு மேல, தூரத்துல மலை உச்சிப் பக்கம் உடைஞ்ச மண்ணும் பாறையும் ஓடை வழியா எறங்கி வந்து தூங்கிட்டிருந்தவங்களை மூடிடுச்சு. கரண்ட் இல்ல, போன் இல்ல, பெரியவரைப் பாலமும் போயிடுச்சு. வெளி உலகத்துக்கு மறுநாள் காலையிலதான் தெரிஞ்சுது. 70 பேர். நாலு பேரோட உடம்பு கடைசி வரைக்கும் கெடைக்கல. எல்லாம் நம்ம ஜனங்க. பல குடும்பங்களுக்குப் பூர்வீகம் தூத்துக்குடி ஜில்லா கயத்தாறு பக்கம். தலைமுறை தலைமுறையா மலையில கொழுந்து கிள்ளினவங்க.

லயம் ஏன் ஓடைக்குப் பக்கத்துல இருந்துது? தண்ணி வேணும், வேலை செய்யற எடம் பக்கத்துல இருக்கணும். வேலைக்காரங்க எங்க தூங்கணும்னு தீர்மானிச்சவங்க யாரும் அங்க தூங்கல. அந்த எழுபது பேர்ல ஒருத்தரும் "இந்த எடம் வேணும்"னு தேர்ந்தெடுத்துப் போனதில்ல. இதை நான் நெனச்சுப் பாக்கற ஒவ்வொரு தடவையும், கண்ணாடிச் செவுரு வச்ச காட்டேஜுல ஓடைச் சத்தம் கேக்குதுன்னு கூடுதலா காசு குடுக்கற நம்ம ஆளுங்க மேல கோவம்தான் வருது. ஓடை எங்கேர்ந்து வருதுன்னு ஒரு தடவை தலையைத் தூக்கிப் பாத்தா என்ன?

2018 ஆகஸ்ட் மழையில பள்ளிவாசல் பக்கம் ஒரு ரிசார்ட்ல வெளிநாட்டுக்காரங்க உள்பட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கிட்டு, ராணுவம் வந்து வெளிய கொண்டு வர வேண்டியதாச்சு. அதே மாசம் நென்மாறை-நெல்லியாம்பதி ரோடு பல எடத்துல சரிஞ்சு, மலைமேல இருந்தவங்க நாள்கணக்குல துண்டிக்கப்பட்டாங்க. அந்த மலைக்கு ஏற ஒரே ரோடுதான், போத்துண்டி அணைக்குப் பக்கமா போறது. மூணார்-தேவிகுளம் தாண்டி கேப் ரோடு 2019லயும் 2020லயும் பெருசா சரிஞ்சுது. 2024 ஜூலை 30 வயநாட்டு முண்டக்கை, சூரல்மலை பத்தி நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதில்ல.

அதனால ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் பள்ளிக்கூட லீவுல ஊருக்குப் போறவங்க, "மான்சூன் ஸ்பெஷல்"னு எவனாவது பாதி வாடகைக்கு மலை காட்டேஜ் குடுத்தா, தயவுசெஞ்சு சித்தூர்லயே உக்காந்து மழையைப் பாருங்க. சோகநாசினி ஆத்துல தண்ணி ஓடறதும் அழகுதான்.

மழை இல்லாத காலத்துக்கு வேற கணக்கு. பிப்ரவரி, மார்ச்ல புல்லு காய்ஞ்சு கெடக்கும். 2018 மார்ச் 11, குரங்கணி. கொழுக்குமலை போய் ராத்தங்கிட்டு போடிப் பக்கம் எறங்கிட்டிருந்த மலையேற்றக் கூட்டம் காட்டுத்தீயில மாட்டி இருபது பேருக்கு மேல செத்துப்போனாங்க. சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைங்க. நம்மள மாதிரியே கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வேலை பாக்கறவங்க அதுல நெறைய பேர். சரிவுல தீ கீழ எறங்கறதை விட மேல ஏறறது வேகம், ஓடற மனுஷனை விட வேகம். அதுக்கப்புறம் தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்துது. 2024 அக்டோபர்ல அரசே 40 பாதைகளைத் திறந்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோட அனுப்ப ஆரம்பிச்சாங்க. டாப்ஸ்லிப்-பண்டாரவரை எங்க ஊர்லேர்ந்து கிட்ட. காட்டுத்தீ காலத்துல மூடிடறாங்கன்னு சில பேருக்கு வருத்தம். மூடணும்ங்க. கொலராடோல பனிச்சரிவு அபாயம் கூடின அன்னிக்கு வீட்லயே இருக்கறவனைத்தான் கெட்டிக்காரன்னு சொல்றாங்க.

அடுத்தது, அந்தக் காட்டேஜ் அங்க இருக்கறதே சட்டப்படியான்னு கேளுங்க. இதைக் கேட்டா நம்ம ஆளுங்க ஏதோ நான் தாசில்தார் மாதிரி பேசறேன்னு சிரிக்கறாங்க. 2007ல அச்சுதானந்தன் ஆட்சியில மூணாருக்கு மூணு அதிகாரிகளை அனுப்பி (பத்திரிகைக்காரங்க அவங்களைப் பூனைங்கன்னு எழுதினாங்க) ஆக்கிரமிப்புக் கட்டடங்களை இடிச்சது ஞாபகம் இருக்கா? அது பாதியில நின்னுபோச்சு, கட்டடம் நிக்கல, இன்னும் மேல மேல ஏறிப் போச்சு. நெல்லியாம்பதியிலயும் குத்தகைக் காடு யாருக்குச் சொந்தம்னு வனத்துறைக்கும் எஸ்டேட்டுகளுக்கும் வருஷக்கணக்கா வழக்கு. அனுமதி வாங்காம சரிவை வெட்டி மண்ணை நெரவிக் கட்டினவன், தண்ணி எறங்கற வழியை அடைச்சிருக்கானா இல்லையான்னும் பாத்திருக்க மாட்டான். பட்டா கேக்கறது காகிதத்துக்காக இல்ல, இதுக்காக.

கூடாரம் இன்னும் மோசம். 2021 ஜனவரியில வயநாடு மேப்பாடியில கூடாரத்துல தங்கின ஒரு பெண்ணை யானை கொன்னுடுச்சு. காட்டை ஒட்டின எடம், கூடாரத்துக்கு உரிய அனுமதியும் இல்லன்னு அப்புறம்தான் வெளிய வந்துது. சின்னக்கானல் பக்கம் அரிக்கொம்பன் கதை உங்களுக்குத் தெரியும். அரிசிக்காக ரேஷன் கடையையும் வீட்டையும் உடைச்ச கொம்பன். 2023 ஏப்ரல் 29 அன்னிக்குப் பிடிச்சு பெரியாறு காட்டுல விட்டாங்க. அது ஒரு மாசத்துல கம்பம் டவுன்ல வந்து நின்னுது. ஜூன்ல தமிழ்நாட்டு வனத்துறை பிடிச்சு களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு போச்சு. யானையைக் குத்தம் சொல்லி என்ன ஆகப் போகுது, அதோட வழியில யார் போய் காட்டேஜ் கட்டினா? இங்க கொலராடோல கரடிக்காகக் குப்பைத் தொட்டிக்குப் பூட்டுப் போடறோம், காருக்குள்ள ஒரு பிஸ்கட் பாக்கெட் விடறதில்ல. அதே ஆள் ஊருக்குப் போனா காட்டோரத்துல கேம்ப் ஃபயர், பார்பிக்யூ, ஸ்பீக்கர் பாட்டு. பாஸ்போர்ட்டோட சேத்து புத்தியையும் சூட்கேஸ்ல வச்சுப் பூட்டிடறாங்க போல.

அப்ப எங்கதான்யா தங்கறதுன்னு கேப்பீங்க. என் ஓட்டு வனத்துறை எடங்களுக்கும், கேரள வன வளர்ச்சிக் கழகத்து எடங்களுக்கும். பறம்பிக்குளத்துல கூடாரக் குடில், மரவீடு, வீட்டிக்குன்று தீவுல தண்ணியைத் தாண்டிப் போய் தங்கற எடம்னு இருக்கு. எத்தனை பேரை உள்ள விடணும்னு கணக்கு உண்டு, கூட வர்றவங்க அந்தக் காட்டுலயே பொறந்து வளந்த காடர், மலசர் பிள்ளைங்க. கன்னிமாரா தேக்கைக் காட்டுவாங்க, சுத்தளவு ஏழு மீட்டருக்கு மேல, எங்க குடும்பமே கை கோத்தாத்தான் சுத்த முடியும். சின்னாறுல முதுவர்கள் வழி காட்டறாங்க. மழை மறைவுப் பிரதேசம், மூணார் மாதிரி பச்சையா இருக்காது, போட்டோவுல எடுபடாது. அதனாலேயே கூட்டம் கம்மி. நடக்கறதுக்கு நல்ல எடம்.

மலையேறத்தான் போறேன்னா மீசைப்புலிமலை. 2,640 மீட்டர். ஆனமுடி 2,695 மீட்டர், ஆனா அதுல நம்மள ஏற விட மாட்டாங்க, வரையாடுங்க வீடு அது. மீசைப்புலிக்கு வன வளர்ச்சிக் கழகம்தான் வழி. அவங்களோட ரோடோ மேன்ஷன்ல ராத்தங்கி விடியக்காலையில ஏறலாம். (ரோடோன்னா ரோடோடென்ட்ரான், நீலகிரிப் பக்கம் காட்டுப்பூவரசுன்னு சொல்லுவாங்களே, அந்தச் செவப்புப் பூ மரம்.) எனக்குத் தெரிஞ்சு நம்ம பக்கத்துல கொலராடோ குடிலுக்கு ரொம்பக் கிட்ட வர்றது இதுதான், குளிர் உள்பட. நெல்லியாம்பதி பகுதிப்பாலத்துலயும் கழகத்து எடம் உண்டு.

கவியையும் சேத்துக்கோங்க. அது பத்தனம்திட்டா ஜில்லா, எங்களுக்கு தூரம். ஆனா குழந்தைகளை அவசியம் கூட்டிட்டுப் போங்க. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலேர்ந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு வேலை குடுக்க அங்க ஏலத்தோட்டம் போட்டாங்க. இன்னிக்கு அங்க படகு ஓட்டறவங்க, வழி காட்டறவங்க, சோறு போடறவங்க அந்தக் குடும்பத்துப் பிள்ளைங்க. விசா, கிரீன்கார்டுன்னு எந்நேரமும் பேசற நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கு, காகிதத்துல ரெண்டு பிரதமர் கையெழுத்துப் போட்டு எடம் மாறின ஜனங்ககிட்ட ஒரு ராத்திரி பேச்சுக் கேக்கறது நல்லது.

குறையும் சொல்லிடறேன். அரசாங்க எடத்துல முன்பதிவு லேசில்ல. வெப்சைட் சமயத்துல தூங்கும், போன் எடுக்க மாட்டாங்க, எடுத்தா மலையாளத்துல நாலு நம்பர் குடுப்பாங்க. வென்னீர் காலையில பக்கெட்ல வரும். வயசானவங்களுக்கு முட்டி வலின்னா கட்டில் உயரம் கூடக் கேட்டுக்கணும். கார்டைவிட ரொக்கம் உபயோகப்படும். இதெல்லாம் நிஜம். அதனால தனியார் எடமே கூடாதுன்னு நான் சொல்லல. பழைய எஸ்டேட் பங்களாக்கள் பல மேட்டுல, ஓடைக்குத் தள்ளி, பாத்துக் கட்டினது. துரைமாருங்க தாங்க தூங்கற எடத்தை மட்டும் நல்லாத்தான் தேர்ந்தெடுத்திருக்காங்க.

எங்க மச்சான் இந்த டிசம்பருக்கு ஒரு கண்ணாடிக் காட்டேஜைப் பிடிச்சு வச்சிருந்தார். "மாப்ள, படுத்துக்கிட்டே மேகத்தைப் பாக்கலாமுங்க"ன்னு ஒரே உற்சாகம். நான் அந்த ஓனருக்கு போன் போட்டு, கட்டடத்துக்குப் பின்னாடி என்ன இருக்கு சேட்டான்னு கேட்டேன். "பின்னில் மலையாணு சாரே"ன்னார். அதுக்குப் பின்னாடி? "அதும் மலையாணு." மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கமா எறங்கும்னு கேட்டதுக்கு, "சார் எஞ்சினியராணோ?"ன்னு திருப்பிக் கேட்டார். மேப்ல கோடுகளை வச்சுப் பாத்தேன். மேல முந்நூறு மீட்டருக்கு நல்ல செங்குத்தான சரிவு, நடுவுல ஓடை, அந்த ஓடைவாயில காட்டேஜ். மச்சான்கிட்ட மேப்பை அனுப்பினேன். ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள், "பறம்பிக்குளத்துல எத்தன ரூமு வேணுமுங்க?"ன்னு கேட்டார்.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம். டாப்ஸ்லிப் வழியில ரெண்டு செக்போஸ்ட்லயும் பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடுங்கிக்குவாங்க, ஸ்டீல் பாட்டில் கொண்டு போங்க. சாயங்காலத்துக்கு மேல காட்டு ரோட்ல வண்டி விட மாட்டாங்க, அதனால பொள்ளாச்சியில சாப்பாட்டை சீக்கிரம் முடிச்சுக்கோங்க.